மூளைச்சாவு: சிஸ்டர் சொல்லும் ஒரு வாக்கியம்

"சிஸ்டர், நெஞ்சு ஏறி இறங்குதே, அப்புறம் எப்படி இறந்துட்டார்னு சொல்றீங்க?" ஐசியூவில் இந்தக் கேள்வி பெரும்பாலும் நர்ஸிடம்தான் வரும். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருப்பது அவங்கதானே.

இந்தக் கேள்விக்கு எழுபது வருஷம்தான் வயசு. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டு, ஒரு பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கலாம்னு பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு அழுத்தினார்கள். பிறகு கையின் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது, ஐசியூ உருவானது.

கூடவே புதுசா ஒரு நிலையும் வந்தது. மூளை மொத்தமாக நின்ற பிறகும், வென்டிலேட்டர் ஆக்சிஜன் கொடுக்கும்வரை இதயம் சில காலம் தானாகத் துடிக்கும். 1959-ல் பாரிஸில் மோலாரே, கூலோன் இருவரும் 23 நோயாளிகளிடம் இதைக் கண்டு, 'கோமாவைத் தாண்டிய நிலை' என்றார்கள். 1968-ல் ஹார்வர்ட் குழு ஒன்று, இதையே மரணமாகக் கொள்ளலாம் என்றது. இந்தியாவில் 1994-ல் சட்டம் வந்தது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து உறுதி செய்யணும். அந்தக் குழுவில் நர்ஸுக்கு இடம் இல்லை.

ஆனா மாற்றத்தை முதலில் பார்ப்பது பல நேரம் அவங்கதான். 1974-ல் வந்த கிளாஸ்கோ கோமா அளவுகோல், நர்ஸும் டாக்டரும் ஒரே மாதிரி குறிக்கும்படி எளிமையாக அமைந்தது. அந்த சார்ட்டில் எண் இறங்குவதும், டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்காததும், சளியை உறிஞ்சும்போது இருமல் வராததும் அவங்க கண்ணில்தான் முதலில் படும்.

பார்ப்பது வேற, புரிந்துகொள்வது வேற. 1989-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. உறுப்பு தானப் பணியில் ஈடுபட வாய்ப்புள்ள டாக்டர்கள், நர்ஸ்கள் 195 பேரைக் கேட்டார்கள். மூளைச்சாவுக்கான சட்ட, மருத்துவ அளவுகோலைச் சரியாகச் சொன்னவர்கள் 35% மட்டுமே. அதனால இதை நர்ஸோட அறியாமைன்னு மட்டும் சொல்ல முடியாது, டாக்டர்களும் அதில் இருந்தாங்க.

குழப்பம் வார்த்தையில் வெளிப்படும். "உயிர் இருக்கு, ஆனா பிழைக்க மாட்டார்"னு ஒரு நர்ஸ் சொல்லிட்டா, அடுத்து டாக்டர் வந்து உறுப்பு தானம் கேட்கும்போது குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? உயிரோட இருக்கிறவரை அறுக்கப் போறாங்கன்னுதான் தோணும்.

"மூளை நின்னுடுச்சு, அவர் இறந்துட்டார். இப்போ மூச்சு விடுறது மெஷின்." குழு உறுதி செய்த பிறகு இப்படிச் சொல்வதுதான் நேர்மை. தானம் தருவதும் மறுப்பதும் குடும்பத்தின் முடிவு. அதை எடுக்குமுன் உண்மை அவங்களுக்குத் தெரியணும். அதனால்தான் இந்தப் பாடம் முதலில் நர்ஸுக்குப் போய்ச் சேரணும்.