ஒரு பெயர் வினையான கதை

தேர்தல் பகிஷ்கரிப்பு, வகுப்புப் பகிஷ்கரிப்பு, பணிப் பகிஷ்கரிப்பு என்றெல்லாம் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கின்றோம். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பொய்கொட்' என்ற சொல் உண்மையில் ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

அயர்லாந்தின் மேற்கே உள்ளது மேயோ மாவட்டம். அங்கே ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராயிருந்தவர் கப்டன் சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட். விளைச்சல் குன்றிய காலம் அது. குத்தகையில் நூற்றுக்கு 25 வீதம் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டனர். பிரபு பத்துக்கு மேல் இறங்கவில்லை. 1880 செப்டெம்பரில், குத்தகை செலுத்தாதோரை வெளியேற்றும் கட்டளைகளுடன் ஆள் வந்தான்.

அதற்குச் சில தினங்கள் முன்னர்தான் எனிஸ் நகரில் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனைக் கொல்லவேண்டாம். தெருவிலும் கடையிலும் தேவாலயத்திலும் அவனோடு சேராது விலகுங்கள் என்பது அவர் யோசனை. மேயோ மக்கள் அதை முகவர் மீதே பிரயோகித்தனர். வேலையாட்கள் நீங்கினர். கடைக்காரர் பொருள் கொடுக்கவில்லை. கொல்லன், சலவைக்காரி, கடிதம் கொண்டுவரும் பையன் ஒருவருமே வரவில்லை. ஈற்றில் வடக்கிலிருந்து 50 பேரைக் கொண்டுவந்து, ஏறக்குறைய ஆயிரம் துருப்பினரும் பொலிஸாரும் காவல் நிற்கவே கிழங்கு கிண்டப்பட்டது. சுமார் 500 பவுண் விளைவுக்கு 10,000 பவுண் செலவு என அக்காலத்தில் மதிப்பிட்டனர்!

சொல் பிறந்த விதம் இன்னும் சுவையானது. இந்தத் தண்டனைக்கு என்ன பெயர் இடலாம் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தும் அவ்வூர்ப் பாதிரியார் ஜோன் ஓமாலியும் உணவு வேளையில் யோசித்தார்களாம். ரெட்பாத்தே இதை எழுதிவைத்துள்ளார். கிரேக்க வழிச் சொல் ஒன்று கைவசம் இருந்தது. அது குடியானவனுக்கு விளங்காது என்ற பாதிரியார், முகவரின் பெயரையே வினையாக்கிவிட்டார். நாமோ 'பகிஷ்கரிப்பு' என்று வடமொழியைத் தேடிப் போனோம். அது வேறு விஷயம்.

ஊர் கூடி ஒருவனை ஒதுக்குவது அயர்லாந்தார் கண்டுபிடித்ததன்று. சலவைத் தொழிலாளியையும் நாவிதரையும் மறித்து, எதிர்த்துநின்ற எளியவனைப் பணியவைத்த பெரியவர்களை நம் கிராமங்களும் கண்டுள்ளன. மேயோவில் அதே ஆயுதம் எளியவன் கைக்கு மாறியது. புதுச்சொல் வேண்டப்பட்டதும் இதனாற்றான் என்பது என் எண்ணம்.

டொனமூர் யாப்பில் பூரண சுயராச்சியம் இல்லையெனக் கண்ட யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1931இல் அறைகூவல் விடுக்க, வடக்கின் நான்கு தொகுதிகளில் எவருமே நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஆங்கிலத்திலுள்ள நம் சரித்திர நூல்களில் அச்சம்பவமும் அந்தக் கப்டனின் பெயராலேயே வழங்குகின்றது.

கப்டன் என்னவானார்? 1880 நவம்பரில் மேயோவை விட்டகன்றார். மறுவருடம் அமெரிக்கா சென்றபோது பொய்கொட் என்ற பெயரை மறைத்து, வெறும் சார்ள்ஸ் கனிங்ஹாமாகவே பயணஞ் செய்ய எண்ணினார். நியூயோர்க் பத்திரிகைகள் அவரை விட்டுவைக்கவில்லை.