1.4 விநாடியில் நின்ற டாக்டர்

1/ பத்தாம் வகுப்பு அறிவியல்ல உந்தம், விசை, கணத்தாக்கு எல்லாம் படிச்சிருப்பீங்க. பரீட்சை முடிஞ்சதும் மறந்தும் இருப்பீங்க. அந்தப் பாடத்தைத் தன் உடம்பு மேலயே சோதிச்சுப் பார்த்த ஒரு மருத்துவரோட கதை இது. பேரு ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை டாக்டர்.

2/ முதல்ல பாடம். நிறையை வேகத்தால பெருக்கினா உந்தம். 1687-ல நியூட்டன் சொன்னது: உந்தம் மாறுற வீதம்தான் விசை. ஓடுற உடம்பு நிக்கணும்னா உந்தம் முழுசும் பூஜ்யம் ஆகியே தீரணும், அதுல பேரம் கிடையாது. எவ்வளவு நேரத்துல ஆகுதுங்கிறதுலதான் நமக்குப் பிடி இருக்கு. நேரம் 10 மடங்கு கூடினா விசை 10-ல 1 பங்கு. கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால இழுக்கிறது இதுக்குத்தான்.

3/ இதை விபத்தோட சேர்த்துப் பார்த்தவர் ஹியூ டிஹேவன். 1917-ல விமானிப் பயிற்சியில ரெண்டு விமானம் மோதி, பிழைச்சு வந்தவர். 50 முதல் 150 அடி உயரத்துல இருந்து விழுந்தும் சாகாதவங்களைப் பத்தி 1942-ல ஒரு கட்டுரை போட்டார். விழுந்த இடம் சில அங்குலம் அமுங்கிக் கொடுத்தாலே உயிர் தப்பலாம்னு காட்டினார். அமுங்குற தூரம்னா, நிக்கிறதுக்குக் கூடுதல் நேரம்.

4/ அந்தக் காலத்துல 18 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 18 மடங்கு முடுக்கம்தான் மனுஷன் தாங்குற எல்லைன்னு நம்பிட்டிருந்தாங்க. ஸ்டாப் அதை ஏத்துக்கல. 1947-ல கலிபோர்னியாவுல, தண்டவாளத்துல ஓடுற ராக்கெட் வண்டியில சோதனையை ஆரம்பிச்சார். முதல்ல பொம்மை, அப்புறம் அவரே. பல ஓட்டங்கள்ல மணிக்கட்டு, விலா எலும்பெல்லாம் உடைஞ்சுது.

5/ 1954 டிசம்பர் 10, நியூ மெக்சிகோவுல ஹாலோமன் விமானப்படைத் தளம். 5 விநாடியில மணிக்கு 1,017 கி.மீ. வேகம். அங்கிருந்து 1.4 விநாடியில பூஜ்யம்! கணக்குப் போட்டா சராசரி சுமார் 20 ஜி, உச்சம் 46.2 ஜி. 70 கிலோ ஆள் ஒருத்தர் அந்தக் கணத்துல 3 டன்னுக்கு மேல கனப்பார்.

6/ இறக்கும்போது கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பு, பார்வை இல்ல. உடம்பைப் பட்டை பிடிச்சு நிறுத்திடுச்சு. கண்ணுக்குள்ள இருக்கிற ரத்தத்துக்கு யாரு பெல்ட் போடுறது? அது முன்னாடியே போய் நுண்குழாய்களை உடைச்சுது. நிலைமம்னா இதுதான். நல்லவேளை, பார்வை திரும்பிடுச்சு.

7/ அவர் பிழைச்சது எப்படி? தோள், மார்பு, இடுப்புன்னு அகலமான பட்டைகள் விசையைப் பரப்பி, வலுவான எலும்புகள் மேல இறக்கிச்சு. வண்டியோட சேர்ந்தே அவரும் நின்னார். பட்டை இல்லேன்னா வண்டி நிக்கும், உள்ள இருக்கிறவர் பறப்பார், கடைசியில கண்ணாடியோ ஸ்டியரிங்கோ அவரை ஒரு நொடியோட நூறுல ஒரு பங்குல நிறுத்தும்.

8/ விமானத்தை விடக் கார் விபத்துலதான் தன் படை ஆட்கள் அதிகம் சாகுறாங்கன்னு கவனிச்ச ஸ்டாப், அப்புறம் கார் பக்கம் திரும்பினார். 1959-ல போர் விமானங்களோட இருக்கையை வடிவமைச்ச அனுபவத்தோட வந்த நில்ஸ் போலின், வால்வோவுக்காக மூணு முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். காப்புரிமை கையில இருந்தும், மத்த கம்பெனிகளும் பயன்படுத்தட்டும்னு வால்வோ திறந்து விட்டுச்சு. இன்னைக்கு உங்க கார்ல இருக்கிறதும் அதோட வாரிசுதான்.

9/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கேஷுவாலிட்டியில அடிக்கடி கேட்கிற பேச்சு: "மெதுவாத்தான் வந்தோம் டாக்டர், 50-லதான். பாப்பாவை மடியில நல்லாப் பிடிச்சிருந்தேன்."

50 கி.மீ.ன்னா விநாடிக்கு 14 மீட்டர். குழந்தை 10 கிலோ, உந்தம் 140. மோதி 0.1 விநாடியில நின்னா 1,400 நியூட்டன். கிட்டத்தட்ட 140 கிலோ மூட்டையை ரெண்டு கையால பிடிச்சு நிறுத்துற மாதிரி. எந்த அம்மா, அப்பாவாலயும் முடியாது. பாசத்துல குறை இல்ல, கைக்கு அந்த பலம் கிடையாது.

10/ குழந்தைக்குப் பின்சீட்டுல தனி இருக்கை, பெரியவங்க எல்லாருக்கும் பெல்ட், பின்னாடி உட்கார்ந்தாலும். நம்பிக்கை வரலேன்னா, வீட்ல பத்தாவது படிக்கிற பிள்ளைகிட்ட மேல உள்ள கணக்கைக் கொடுங்க. 2 நிமிஷத்துல போட்டுக் காட்டும்.