முதுமையில் இடுப்பு முதுகெலும்பு வட்டுச் சிதைவு: ஸ்கேன் முடிவுகளைப் பொருள்கொள்ளுதல் குறித்து

1. ஆய்வின் பொருள்

அறுபதைக் கடந்தவர் இடுப்பு வலியென்று போனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். 'எல்4-எல்5இல் ஜவ்வு விலகியிருக்கிறது' என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். அன்றிலிருந்து குனியவும் நடக்கவும் அஞ்சுகிறார். அறிக்கையில் இருப்பது உண்மைதான். ஆனால் வலிக்குக் காரணம் அதுவே என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய ஒன்று. முதியோரிடம் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. அதனால் விளையும் தீங்கே இக்கட்டுரையின் அக்கறை.

2. வட்டு மூப்படையும் முறை

முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டைத்தான் பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறார்கள். அதன் நடுவில் நீர் மிகுந்த கரு. அதைச் சுற்றி நார் வளையங்கள். வளர்ந்தவரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழும் உள்ள குருத்தெலும்புத் தகடுகள் வழியே ஊறி வருவதுதான் அதற்கு ஊட்டம். ஆகவே தன்னைச் சீர்செய்துகொள்ளும் திறன் வட்டுக்குக் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்லக் கரு வறண்டு, வட்டின் உயரம் குறைகிறது. சுமை பின்புறச் சிறு மூட்டுகளுக்கு மாற, அவை பெருக்கின்றன. அருகிலுள்ள இணைநார் தடிக்கிறது.

கரு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் வலி இறங்குகிறது என்பதை 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும் விளக்கினார்கள். மகத்தான கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்தப் பிதுக்கம் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்களின் நோய். வறண்ட கரு அவ்வளவு எளிதில் பிதுங்குவதில்லை. எழுபது வயதுக்காரரின் கால்வலிக்கும் அந்த விளக்கத்தையே முதலில் எடுப்பது பிழையான தொடக்கம்.

3. வலியற்றவர்களின் படங்கள்

1990இல் போடனும் உடன் ஆய்வாளர்களும் இடுப்பு வலியே வந்திராத 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 36 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம், 21 விழுக்காட்டினருக்குத் தண்டுக் கால்வாய்க் குறுகல். ஒருவரைத் தவிர அந்த வயதினர் எல்லோருக்கும் ஏதேனும் ஒரு வட்டிலாவது சிதைவோ புடைப்போ இருந்தது. 2015இல் வெளியான தொகுப்பாய்வு, வலியற்ற 3,110 பேரின் படங்களைக் கணக்கில் கொண்டு, எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கு வட்டுச் சிதைவு காணப்படும் எனக் கணித்தது. இந்தச் செய்தியை அறிக்கையோடு சேர்த்தே நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

4. கால்வாய்க் குறுகல்

முதியோரிடம் மிகுந்த கவனம் வேண்டுவது, முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் தண்டுக் கால்வாய் குறுகும் இந்நோய்க்கே. நெதர்லாந்தின் வெர்பீஸ்ட் 1954இல் இதைத் தெளிவாக வரையறுத்தார். நோயாளி சொல்லும் விவரத்திலேயே நோய் வெளிப்பட்டுவிடும். தெருமுனை வரை நடந்ததும் இரு கால்களும் கனக்கின்றன, மரத்துப்போகின்றன. நின்றால் போதவில்லை, எங்காவது உட்கார வேண்டும். உட்கார்ந்த சில நிமிடங்களில் சரியாகிறது. நடக்க முடியாதவர் சைக்கிள் மிதிப்பார், தள்ளுவண்டியைப் பிடித்தபடி நெடுந்தூரம் போவார். முன்சாய்ந்தால் கால்வாய் சற்று விரிகிறது, நிமிர்ந்தால் குறுகுகிறது; காரணம் அவ்வளவுதான்.

கால் தமனி அடைப்பிலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அங்கே நின்றாலே வலி தணியும். பாதத்தில் நாடித்துடிப்பு குறைந்திருக்கும். சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பில் உள்ளங்கால் எரிச்சல் ஓய்விலும் இரவிலும் தொடரும். ஒரே முதியவரிடம் மூன்றும் சேர்ந்திருப்பதுண்டு. அதனால் பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பது போதாது.

5. வட்டைச் சாராத காரணங்கள்

தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதும் திடீரென வலித்தால், எலும்பு மெலிந்தவருக்கு முள்ளெலும்பே நொறுங்கியிருக்கலாம். காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை இருந்தால் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். இங்கே ஸ்கேன் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் கட்டுப்படாமை, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்விழப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

6. சிகிச்சை

நெடுநாள் படுக்கை ஓய்வு முதியவரின் தசையைக் கரைக்கிறது. விழும் ஆபத்தும் கூடுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி உடற்பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது; இடுப்புப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்குவது முதியோரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும்.

குறுகல் முற்றி நடையே முடங்கும்போது அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை உதவுகிறது. இடுப்பு வலியைவிடக் கால் வலிக்கே பலன் அதிகம். கூடவே திருகாணி பொருத்தி எலும்புகளை இணைப்பதும் பலருக்குச் சொல்லப்படுகிறது. ஐம்பது முதல் எண்பது வயதுக்குட்பட்ட 247 பேரிடம் சுவீடனில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் மட்டும் நீக்கப்பட்டவர்களைவிட இணைப்பும் செய்யப்பட்டவர்கள் மேலான நிலையை அடையவில்லை. இணைப்பு தேவை என்று சொல்லப்படும் முதியவரும் குடும்பத்தாரும், தங்கள் முதுகெலும்பில் அதற்கான தனிக் காரணம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதிக்க வேண்டும்.