இதயமா, நுரையீரலா? நாய்களின் இரத்தக் குறிப்பான்கள் வளர்ந்த வரலாறு

மூச்சிரைக்கும் நாய்க்குக் கோளாறு இதயத்திலா, நுரையீரலிலா என்று பிரித்தறிவது கால்நடை மருத்துவத்தின் பழைய சிக்கல். வயதான சிறிய இன நாய்களுக்கு மைட்ரல் வால்வு சீர்கெட்டு இதய முணுமுணுப்பு கேட்பது சாதாரணம். அதே வயதில், அதே நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்ச்சியும் நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியும் வருகின்றன. முணுமுணுப்பு இருப்பதாலேயே இருமலுக்கு இதயம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூச்சுக்குத் தவிக்கும் நாயை எக்ஸ்-ரே மேசையில் கிடத்துவதும் ஆபத்து. இரத்தப் பரிசோதனையை நாடியதற்கு இவையே காரணம்.

தொடக்கம் எலிகளில் நிகழ்ந்தது. 1981இல் கனடாவின் கிங்ஸ்டனில் அடால்ஃபோ டி போல்ட் குழுவினர் எலி இதயத்தின் மேலறைத் திசுச்சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். சிறுநீரும் அதில் வெளியேறும் சோடியமும் சட்டென்று பெருகின. இதயம் ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பது அப்போது தெளிவாயிற்று. அந்த ஹார்மோனே ஏஎன்பி. 1988இல் ஜப்பானில் சுடோ, கங்காவா, மட்சுவோ குழுவினர் பன்றி மூளையிலிருந்து அதைப் போன்ற இன்னொரு ஹார்மோனான பிஎன்பியைப் பிரித்தெடுத்தனர். அதன் முதன்மை ஊற்று இதயமே என்பது பின்னர் தெரிந்தது. இதயச் சுவர் இழுபடும்போது புரோபிஎன்பி உருவாகி இரண்டாகப் பிளவுபடுகிறது. ஒரு துண்டு செயல்படும் ஹார்மோனான பிஎன்பி. மற்றது செயலற்ற என்டி-புரோபிஎன்பி. செயலற்ற துண்டு இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதால் அளக்க ஏற்றதாக அமைந்தது.

ஏஎன்பியின் அமைப்பு மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றே. பிஎன்பி அப்படியன்று, இனத்துக்கு இனம் வேறுபடும். நாயின் பிஎன்பி மரபணு 1989இலேயே அறியப்பட்டிருந்தும், மனிதருக்கான என்டி-புரோபிஎன்பி சோதனையை நாய்க்கு அப்படியே பயன்படுத்த வழியில்லை. நாய்க்கெனத் தனி எதிர்ப்பொருள்கள் கொண்ட சோதனை வந்த பிறகே ஆய்வுகள் வேகமெடுத்தன. 2009இல் ஓயாமா குழுவினர் மூச்சு அறிகுறிகள் கொண்ட 116 நாய்களை ஆராய்ந்தனர். லிட்டருக்கு 1158 பிக்கோமோல் என்ற எல்லையை வைத்தபோது, இதயச் செயலிழப்புள்ள நாய்களில் 85.5 விழுக்காடும், நுரையீரல் நோயுள்ளவற்றில் 81.3 விழுக்காடும் சரியாகப் பிரிந்தன. அதாவது, நுரையீரல் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இதய நோயாளியாகத் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கும். இந்தப் பிழை சிறிதன்று. அதனால்தான் ஒற்றை எல்லைக்குப் பதில், 900க்குக் கீழே இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு, 1800க்கு மேலே அதற்கே வாய்ப்பு அதிகம், இடையில் முடிவு சொல்ல முடியாது என்ற வழக்கம் நிலைபெற்றது. மிகக் குறைந்த அளவு இதயத்தை விலக்க உதவும் அளவுக்கு, உயர்ந்த அளவு இதயத்தைக் குற்றஞ்சாட்ட உதவுவதில்லை.

உயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரகம் பழுதானால் அளவு ஏறும். நுரையீரல் நோய் முற்றி நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடினால் வலக் கீழறை இழுபட்டு, நோயின் மூலம் நுரையீரலிலேயே இருக்க, குறிப்பானோ இதயத்தைக் காட்டும். இரத்த மாதிரியைக் குளிரூட்டாமல் வைத்தால் அளவு பொய்யாகக் குறையவும் கூடும்.

இதயத்தசை சிதைவதைக் காட்டும் ட்ரோபோனின்-ஐ வேறு வழியில் வந்தது. 1987இல் மனித மாரடைப்பைப் புரிந்துகொள்ளவே நாய்களில் அது அளக்கப்பட்டது. நாய்களின் நோய்க்கே அது பயன்பட்டது பின்னால்தான். 2002இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு, உண்ணி பரப்பும் பபீசியா காய்ச்சலிலும் ட்ரோபோனின் உயர்வதைக் காட்டியது. ஆகவே அது சேதத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

நுரையீரலின் பக்கம் முன்னேற்றம் மெதுவாகவே நடந்தது. அதற்கே உரிய குறிப்பானாக என்டி-புரோபிஎன்பிக்கு நிகரானது இன்னும் நடைமுறையில் நிலைபெறவில்லை. அழற்சியின் பொது அடையாளமான சி-ரியாக்டிவ் புரோட்டீனே அவ்விடத்தை ஓரளவு நிரப்பியது. 2014இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், பாக்டீரியா நிமோனியாவில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டி உயர்வதையும், இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்த நாய்களில் அவ்வளவு உயராததையும் கண்டனர். 2017இல் அவர்களே, இந்தப் புரதம் இயல்பு நிலைக்குத் திரும்பிய சில நாட்களில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியபோது, வழக்கமான பல வார சிகிச்சையைவிடக் காலம் குறைந்தும் நோய் திரும்புவது கூடவில்லை என்று காட்டினர்.