சயாம் மரண ரயில்: தாமதமாக வந்த தமிழ்ச் சாட்சியம்

யூதப் பேரழிவின் நடுவே மனிதர் காத்த நம்பிக்கையையும் துணிவையும் பேசும் நூல்கள் என்றதும் ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பும் விக்டர் ஃபிராங்கலின் முகாம் நினைவுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆன் தம் நாட்குறிப்பை எழுதிவந்த அதே காலத்தில், ஆசியக் காடொன்றில் தமிழர்களும் முகாம்களில் அடைபட்டு மடிந்தனர். அவர்களுடைய நூல் எது?

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையைச் சொல்கிறோம். 1943 அக்டோபரில் அது முடிந்தது. நாஜிகள் ஓர் இனத்தையே அழிக்க எண்ணினர். ஜப்பானியருக்கு வேண்டியிருந்தது பாதை மட்டுமே. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அங்கும் பிணங்களைக் குவித்தன. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் சாவோ இதனைப் போல் பன்மடங்கு; அவர்களுள் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர்.

அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. நம் வாலிகண்டபுரம் அடங்கிய பெரம்பலூர் தாலுகா அந்நாளில் அதனுள் இருந்தது. ஆகவே இதனை அக்கரைச் சீமைக் கதையென்று ஒதுக்க நமக்கு இயலவில்லை.

வெள்ளைக் கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், ஒளித்துவைத்து எழுதக் காகிதமும் ஓரளவு கிட்டிற்று. எனவே நூல்கள் பிறந்தன. ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் கார்டன் 1962இல் வெளியிட்ட நினைவுநூல் அவற்றுள் தலையாயது. மண்வெட்டியொன்று குறைகிறதெனக் காவலன் எல்லோரையும் கொல்ல முற்பட, ஒருவன் முன்வந்து பழியை ஏற்று அடிபட்டுச் சாகிறான். மறுபடி எண்ணினால் ஒன்றும் குறையவில்லை. சாவின் விளிம்பில் கிடந்த கார்டனைத் தோழர்கள் புண் கழுவிப் பிழைப்பித்தனர். முகாமிலேயே சமய வாசிப்பு வட்டமும் உருவாயிற்று. பின்னாளில் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைமை ஏற்றார். (குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் எடுக்கப்பட்டது இலங்கையில். அப்படத்திலும் தமிழ்த் தொழிலாளியின் துயர் கதையாகவில்லை!)

தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதார். அவர்கள் துணிவிற்குக் குறைவில்லை. அதைப் பதிக்கத்தான் கருவி இல்லை. ரங்கூனில் ‘ஜோதி’ இதழ் நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்; பேனா பிடித்த கையாதலால் அந்நடைப்பயணம் நூலாயிற்று. ரயில்பாதைத் தமிழருக்கோ அரைநூற்றாண்டு கழிந்து, 1993இல், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ அதன் பின்னர். இரண்டும் நாவல்களே. எனினும் நாட்குறிப்பு இல்லாத மக்களுக்கு நாவலே சாட்சி சொல்ல நேர்ந்ததென்பது எங்கள் கருத்து. கலைநயக் குறைகளைத் தேடுவோர்க்கு அவை அகப்படக்கூடும். அவற்றை முன்னிட்டு இந்நூல்களைத் தள்ளுவது நியாயமாகாது.

காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம், பெரும்பாலும் பெயர் பொறித்தவை. அவ்வூரில் 1944இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத்தூணொன்று உளது. அதன் வாசகங்களுள் ஒன்று தமிழில் உள்ளது.