காங்கேசன்துறை

காங்கேசன்துறை: இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த துறைமுக, தொழில் நகரம். மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் (காங்கேயன்) சிலை இங்கு வந்திறங்கியதால் இப்பெயர் வந்தது என்பது தலமரபு, பழம்பெயர் கயாத்துறை.

1905இல் கொழும்பிலிருந்து வந்த வடக்குப் புகையிரதப் பாதைக்கு இதுவே முடிவிடம். 1956 முதல் யாழ்தேவி என்ற புகையிரதம் ஓடியது. 1950இல் உற்பத்தி தொடங்கிய அரச சீமெந்துத் தொழிற்சாலை நகரின் முகத்தையே மாற்றியது. சுண்ணக்கல் ஆலையின் அருகிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வந்தது. கல் எடுத்த பெரும் பள்ளங்களில் இன்று நீர் தேங்கியிருக்கிறது.

1990இல் போரினால் ஆலையும் புகையிரதச் சேவையும் நின்றன. மக்கள் இடம்பெயர்ந்தனர், பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. புகையிரதம் 2015 ஜனவரியில் திரும்பியது, ஆலை மீளவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துடன் பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது.