கும்பிடுபூச்சிக்கு உணவிட்டவர்கள்

கும்பிடுபூச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் வேலியோரச் செடியில், முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கிக் கும்பிட்ட நிலையில், தலையை மட்டும் நம் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். தென்பிரான்சின் புரோவான்சு மாநிலத்துக் குடியானவர்களும் இதற்குக் ‘கடவுளை வேண்டும் பூச்சி’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

இதைப் பிடித்துப் புட்டியில் வைத்துப் பாருங்கள். இலையைப் போட்டால் தீண்டாது. செத்த ஈயைப் போட்டாலும் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்க்காது. இரை அசைய வேண்டும். ஆகவே, இதை வளர்க்க விரும்புகிறவர் முதலில் இரைபிடிக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலைப் பொறுமையாகச் செய்து, அதை வரலாறாகவும் எழுதி வைத்தவர் ஜான் ஆன்றி ஃபேபர் (1823–1915) என்ற பிரெஞ்சுக்காரர் ஆவார்.

ஃபேபரைப் பூச்சியியலார் என்றே உலகம் அறியும். ஆனால் பிழைப்புக்கு அவர் செய்த வேலை இயற்பியல் ஆசிரியர் வேலை. கோர்சிகாத் தீவிலும், பிறகு அவிஞோன் நகரிலும் இயற்பியல் கற்பித்தார். (எங்கள் இனத்தவர் என்று நான் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் அல்லவா?) 1879இல் செரிஞான் என்ற சிற்றூரில் கல்லும் முள்ளுமான ஒரு தரிசு நிலத்தை வாங்கிக் குடியேறினார். பத்துத் தொகுதிகளாக வந்த அவருடைய பூச்சி நினைவுகளில், 1897இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியில் கும்பிடுபூச்சி வருகிறது.

அவருடைய கருவிகள் என்ன தெரியுமா? உணவில் ஈ மொய்க்காமல் மூடிவைக்கும் கம்பிவலைக் கூடைகள்தாம்! மணல் நிரப்பிய தட்டு, அதன்மேல் கூடை, உள்ளே காய்ந்த செடி ஒன்று, முட்டையிடுவதற்குத் தட்டையான கல் ஒன்று. இத்தகைய கூடைகள் அவர் மேசைமேல் வரிசையாக நின்றன.

செலவெல்லாம் இரைக்குத்தான். அவருடைய பெண்பூச்சிகள் நாள்தோறும் புதிய இரை கேட்டன. அதிலும் பலவற்றை நாலு வாய் கடித்துவிட்டு எறிந்தன. அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு ரொட்டியும் முலாம்பழத் துண்டும் கொடுத்து, காலையும் மாலையும் வெட்டுக்கிளி பிடித்துவரச் செய்தார் ஃபேபர். பெரிய இரைகளைத் தேடித் தாமே வலையும் கையுமாக அலைந்தார். தன்னைவிடப் பெரிய வெட்டுக்கிளியையும், கொடுக்குள்ள சிலந்தியையும் கூண்டில் விட்டால் இந்தப் பூச்சி என்ன செய்யும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

பெரிய வெட்டுக்கிளியைக் கண்டதும் பூச்சி திடுக்கிட்டு, இறக்கைகளைப் பாய்போல விரித்து, வயிற்றை ஏற்றி இறக்கி, சீறும் ஒலி எழுப்பியது. முன்னங்கால்களை அகல விரித்து அவற்றின் உட்புறத்துக் கண்போன்ற புள்ளிகளைக் காட்டியது. வெட்டுக்கிளி அச்சத்தில் கட்டுண்டு நின்றுவிடுவதாக ஃபேபர் கருதினார். இது எதிரியை மிரட்டும் தற்காப்பு நிலை என்பதே பின்வந்தோர் கருத்து. ஆனால் அடுத்து அவர் கண்டது அருமையானது. பூச்சி முதலில் பிடரியைக் கடிக்கிறது. அங்குள்ள நரம்பு முடிச்சுகள் சிதைந்தால் உதைக்கும் கால்கள் ஓய்ந்துவிடும். பிறகு நிதானமாக உண்ணலாம்.

குறி தவறாமல் பிடிப்பது எப்படி? நம்மைப்போல இரு கண்களின் காட்சிகளை ஒப்பிட்டுத் தொலைவை அளக்கிறதா? இதற்கு 1983இல் ரோசல் என்ற ஆய்வாளர் எளிய ஒளியியலால் விடை கண்டார். பூச்சியின் கண்களுக்கு முன்னே முப்பட்டகக் கண்ணாடிகளைப் பொருத்தினார். கதிர் விலகினால் பொருளின் தோற்ற இடம் மாறும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதேதான். பூச்சி உண்மையான தொலைவை விட்டுவிட்டு, தோற்றத் தொலைவை நம்பியே கால்களை வீசியது! 2016இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தேன்மெழுகால் நீலமும் பச்சையுமான சிறு கண்ணாடிகளை ஒட்டி, திரைப்பட இரையைக் காட்டினர். திரைக்கு முன்னால் மிதப்பதாகத் தோன்றிய இரையைப் பிடிக்கப் பூச்சி பாய்ந்தது.

இனி, கும்பிடுபூச்சிக்குக் கெட்ட பெயர் வந்த கதைக்கு வருவோம். பெண் தன் இணையையே தின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886இல் ஹோவர்ட் என்ற அமெரிக்கர் ஒரு ஜாடியில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டார். பெண் ஆணின் தலையையே தின்றும் இணைசேர்தல் நடந்ததாக எழுதினார். ஃபேபரோ, ஒரே பெண் இரண்டு வாரத்தில் ஏழு ஆண்களைத் தின்றதைக் கண்டார். ‘பட்டினி போட்டதால் நேர்ந்தது’ என்று எவரும் சொல்லக்கூடாதென்று, நாளுக்கு இரண்டு முறை வெட்டுக்கிளி போட்டிருந்தார். ஆனாலும், தப்பியோட இடமில்லாத கூண்டு அது என்பதை நாம் மறக்கக்கூடாது.

1935இல் ரோடர் என்பவர், தலை போன பின்பும் ஆண் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தார். தலையிலுள்ள ஒரு நரம்பு முடிச்சு, வயிற்றின் இணைசேரும் அசைவுகளை அடக்கிவைக்கிறது. தலை போனால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. வண்டியின் பிரேக் விட்டுப்போனதுபோல. இதைப் படித்தவர்கள், தலையைத் தின்றால்தான் இனப்பெருக்கமே நடக்கும் என்று முடிவுகட்டினார்கள். அது அவசர முடிவு. தலையோடு இணைசேர்ந்து பிழைத்துப்போகும் ஆண்கள் ஏராளம்.

1984இல் லிஸ்க், டேவிஸ் என்ற இருவர் வேறு வழியில் போனார்கள். சீனக் கும்பிடுபூச்சிகளுக்கு வேண்டிய மட்டும் இரை கொடுத்தார்கள். தாங்கள் அருகில் நில்லாமல், வீடியோக் கருவியை மட்டும் வைத்துவிட்டு விலகினார்கள். படத்தில் பதிந்தது நீண்ட காதல் நடனம்! ஆண் தின்னப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1988இல், நம் இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் பெரிய பச்சை இனம் ஒன்றைக் கொண்டு பர்க்கெட் குழுவினர் நேரடியாகவே சோதித்தனர். குறைந்த உணவில் வளர்ந்த பெண்களே ஆண்களை அதிகம் தின்றன. தின்றவை இட்ட முட்டைக்கூடுகளும் கனமாக இருந்தன.

ஆணின் உடல் உண்மையில் முட்டைக்குள் போகிறதா? 2016இல் பிரவுன், பாரி என்ற ஆய்வாளர்கள் கதிரியக்கத்தைத் துணைக்கு அழைத்தார்கள். கதிரியக்க அணுக்கள் சேர்ந்த சுவர்க்கோழிகளை ஆண்பூச்சிகளுக்கு உணவாக இட்டு, பிறகு இணைசேரவிட்டு, பெண்ணின் உடலையும் முட்டைகளையும் அளந்தனர். ஆணிடமிருந்து வந்த புரதச் சத்து முட்டைகளில் பதிந்திருந்தது. ஆணைத் தின்ற பெண்கள் சராசரியாக 88 முட்டைகளும், தின்னாதவை 37 முட்டைகளும் இட்டன.

நீங்களும் வளர்த்துப் பார்க்கலாம். ஒரு புட்டிக்கு ஒரு பூச்சிதான். ஏறி நிற்க ஒரு குச்சி, காற்றுப் போக வாயில் வலைத்துணி, சுவரில் தெளித்த சில நீர்த்துளிகள், தன் உடலைவிடச் சிறிய உயிருள்ள இரை, இவை போதும். மருந்தடித்த வயலில் பிடித்த வெட்டுக்கிளி மட்டும் வேண்டாம்.